குறியீடு ஐம்பது

பகாவ், இரும்புக்கடை மாடி.
இரவு ஒன்பதுக்கு எனக்கு அமெரிக்கா விடிகிறது.
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம்.
மேலே எட்டுப் பெண்கள், எட்டுத் திரைகள்,
ஏர்கோன் ஒழுகும் இடத்தில் ஒரு மைலோ டின்.

ஒரு கோப்புக்கு நான்கு நிமிடம்.
யாருக்கோ நெஞ்சுவலி, யாருக்கோ சிறுநீரகம்.
ஒருத்தியைத் தூக்கிப் பறந்த ஹெலிகாப்டருக்கு மட்டும்
நாற்பத்தோராயிரம் டாலர்.
டோலரஸ் ஹாஸ்கெட், வயது அறுபத்தொன்று,
கென்டக்கியில் ஏதோ ஒரு மலையடி ஊர்.
"மருத்துவத் தேவை நிரூபிக்கப்படவில்லை."
குறியீடு ஐம்பது.
என் சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது
எண்டர் பொத்தான்.

காலையில் சந்தனமேரி கடையில்
தோசைக்குக் காத்திருந்தால் டிவியிலும் அவர்களே.
நீல டை ஒருவர், சிவப்பு டை ஒருவர்,
காப்புறுதி யார் கொடுப்பது, வரி யார் கட்டுவது.
"சீக்கு வந்தா வீட்ட விக்கணுமாம் அங்க"
என்றார் லோரி ஓட்டும் தனபால்.
"நம்ம ஆஸ்பத்திரில சீட்டு ஒரு வெள்ளி.
ஒரே வெள்ளி!"
எல்லாரும் சிரித்தோம். எனக்கும் பெருமைதான்.
தே ஓ ஆறுவதற்குள்
அமெரிக்காவை ஜெயித்துவிட முடிகிற ஊர் இது.

மூலை மேசையில் ரஃபிகுல் சிரிக்கவில்லை.
செம்பனைக் குலை விழுந்து
தோள்பட்டை நொறுங்கியவன்.
அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு,
அவன் பில்லில் மட்டும் பூஜ்யங்கள் கூட.
வெளிநாட்டார் கட்டணம்.
முன்பணம் இல்லாமல்
தகடு வைக்கும் தேதி நான்கு முறை தள்ளிப்போயிற்று.
பவளக்கொடியும் தட்டைப் பார்த்தபடி
தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.
இந்த ஊரிலேயே பிறந்தவள், கையில் சிவப்பு அட்டை.
கவுண்டரில் அவளுக்கும் அதே கேள்வி.

தோட்ட நிர்வாகம் குத்தகைக்காரரைக் கைகாட்ட,
குத்தகைக்காரர் காப்புறுதியைக் கைகாட்ட,
காப்புறுதி ஒரு கடிதம் போட்டிருந்தது.
வாசித்துச் சொல்லச் சொல்லி நீட்டினான்.
"வேலை நேரத்தில் நடந்ததற்கு ஆதாரம் இல்லை."
முதல் வரியிலேயே ஆளை அடையாளம் தெரிந்தது.
அதன் தம்பியைத்தானே
நேற்றிரவு கென்டக்கிக்கு அனுப்பினேன்.

அன்று பகலில் தூங்கவில்லை.
மறுப்பவர்களுக்கு எந்தச் சொல் பயம் என்று
ஆறு வருடமாய்ச் சம்பளம் வாங்கிக் கற்றிருக்கிறேன்.
"தயவுசெய்து" என்றால் அசையமாட்டார்கள்.
"கருணை கூர்ந்து" நேராகக் குப்பைக்கூடை.
தேதி போடு, நேரம் போடு,
எந்த விதி, எத்தனையாவது பிரிவு என்று கேள்.
காரணத்தை எழுத்தில் கேள்.
கடைசியில், சின்ன எழுத்தில்,
நகல்: தொழிலாளர் இலாகா.
அந்த ஒரு வரிக்கு
நாற்காலியை முன்னால் இழுப்பார்கள்.

பதினேழாம் பிளாக். காலை ஏழு நாற்பது.
பார்த்தது யார் என்றேன்.
ரஃபிகுல் நல்ல கையால்
தனபாலைக் காட்டினான்.

பேனாவை வாங்கிக்கொண்டார்.
கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். மறுபடி துடைத்தார்.
"குத்தகைக்காரன்தாம்மா என் லோரிக்கு லோட் தர்றவன்."
டிவியில் இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.
தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து,
"நாளைக்குப் பாப்போம்" என்று
லோரியை எடுத்தார்.
என் பேனாவும் அதோடு போயிற்று.

ராத்திரி ஒன்பது. முதல் கோப்பு:
ஹாஸ்கெட், மேல்முறையீடு.
கோடு போட்ட தாளில் கைப்பட எழுதி
ஸ்கேன் செய்தது. எழுத்து சரிந்து சரிந்து போகிறது.
எண்ணிப் பார்த்தேன்,
ஏழு இடத்தில் "தயவுசெய்து".
தேதி இல்லை. நேரம் இல்லை.
யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

நான்கு நிமிடம் தாண்டித் திரை சிவந்தது.
"ஏன் நிக்குது?" என்றாள் ஃபரீடா.
"படிக்கிறேன்."
"ஒரு பக்கம்தானே?"
"ஆமா," என்றேன்.
"இன்னும் படிக்கிறேன்."